மூன்று முறை கூப்பிட வேண்டும்

போன மாதம் நுவரெலியாவில் ஒரு யுத்தப் படம் ஓடியது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்குப் பிறகு செக்றோல் புத்தகம் எழுத வந்திருக்கும் அருளானந்தம் தம்பி, இன்னும் இரண்டு கிளாக்கர்மாரைச் சேர்த்துக்கொண்டு, வேண்டாம் என்று சொன்ன என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ராகலையிலிருந்து பஸ்ஸில் முழங்கால் வலியோடு ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றுகொண்டே போனேன். கொட்டகையில் என் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை இல்லை. படம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் தம்பி கேட்டார்.

"ஐயா, நீங்க நாலு வருஷம் பட்டாளத்துல இருந்தவரு. சொல்லுங்க, நெசமாவே இப்படித்தானா?"

"நூத்திப் பன்னெண்டு பேர் செத்தாங்க, எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். அதுல ஒருத்தன் பேரயாவது யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"செத்தவன எதுக்குங்கையா கூப்பிடணும்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஓய்வு பெற்று ஏழு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன; நேரம் இருக்கிறது. எழுதிக் கொடுக்கிறேன்.

சில்லறைக் குற்றங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் எல்லாரிடமும் துப்பாக்கி இருந்தது. எங்கள் பிரிவில் அறுபத்தொரு பேருக்கு ஐந்து துப்பாக்கிகள், அறுபத்தொரு மண்வெட்டிகள். எங்களை மண்வெட்டிப் பட்டாளம் என்பார்கள். ரோட்டுப் போடுவது, குழி வெட்டுவது, பெட்டி இறக்குவது. நான்கு வருடத்தில் நான் சுட்டது பதினைந்து குண்டு, பதினைந்தும் பயிற்சியில். பதினான்கு குறி தவறின. படத்தில் ஒருவனும் சொறிந்துகொள்ளவில்லை. ஒருவனும் காலுறை துவைக்கவில்லை. ஒருவனும் வரிசையில் நிற்கவில்லை. பட்டாளம் என்றாலே வரிசைதான்: தண்ணீருக்கு, ரொட்டிக்கு, மருந்துக்கு, கக்கூசுக்கு. ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். விழித்திருந்த பதினாறு மணி நேரத்தில் ஐந்து மணி நாற்பது நிமிடம் வரிசையில் நின்றிருந்தேன். அதைப் படமாக எடுத்தால் யாரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள், அது எனக்கும் தெரியும்.

நான் மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகப் பன்னிரண்டு வருடம் இருந்து, பெரிய கிளாக்கர் சாகவும் மாட்டார், விலகவும் மாட்டார் என்று தெரிந்தபின், முப்பத்து நான்கு வயதில், இரண்டாம் உலக யுத்த நேரத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஏழு பேர் போனோம். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, மாரிமுத்துவின் மக்கள். மூத்தவன் கருப்பையா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், சுருக்கமாகப் பேசுவான். இளையவன் வேலு, பத்தொன்பது வயது, பேச்சை நிறுத்தவே மாட்டான். கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி. அதில் கற்றுக்கொண்டது, இடதுகால் எது, வலதுகால் எது என்பது. பிறகு கப்பல். பிறகு பாலைவனத்து மணல். எனக்கு ஆங்கிலம் எழுத வரும் என்பதால் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை கிடைத்தது.

எங்கள் சார்ஜன்ட் பெயர் ஹோப்ஸ். படங்களில் சார்ஜன்ட் என்றால் தொண்டை கிழியக் கத்துகிறான். ஹோப்ஸ் நான் பார்க்கக் கத்தியது இரண்டு முறை. அதில் ஒன்று தேநீரில் யாரோ உப்பைப் போட்டதற்கு. குள்ளமான மனிதர். கழுத்து எப்போதும் வெயிலில் சிவந்து உரிந்திருக்கும். பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும்.

குண்டு விழுந்து ஓய்ந்ததும் பெயர் கூப்பிடுவார்கள். அதற்கு ஹோப்ஸ் வைத்திருந்த முறையை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நம்பரைக் கூப்பிடக்கூடாது, பெயரைக் கூப்பிட வேண்டும். எங்கள் பெயர்கள் அவர் வாயில் படாத பாடு பட்டன, ஆனாலும் பெயர்தான். "சார்" என்று பதில் வந்தால் நான் ஒரு கோடு போடுவேன். பதில் வராவிட்டால் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் பத்து வரை எண்ணுவார். மறுபடி கூப்பிடுவார். மறுபடி பத்து. மூன்றாம் முறை கூப்பிடுவார். மறுபடி பத்து. அதற்குப் பிறகுதான் பென்சிலை என் பக்கம் காட்டுவார். நான் 'காணவில்லை' என்று எழுதுவேன்.

ஏன் மூன்று முறை என்று ஒரு நாள் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். "பக்கத்தில் குண்டு விழுந்தவன் காது அடைத்திருக்கும். முதல் தடவை கூப்பிட்டால் காதுக்குள் ஏதோ இரைகிறது என்று நினைப்பான். இரண்டாம் தடவை யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பான். மூன்றாம் தடவைதான் அது தன் பெயர் என்று தெரியும்" என்றார். நான் இருந்த காலத்தில் மூன்றாம் கூப்பாட்டுக்கு மண்ணுக்குள்ளிருந்து "சார்" என்று குரல் கொடுத்தவர்கள் நான்கு பேர். தோண்டி எடுத்தோம்.

ஹோப்ஸ் வயிற்றுக்கடுப்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த வாரத்தில், ரயில் பாதை முடிகிற ஒரு இடத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு விமானங்கள் வந்தன. பதினோரு நிமிடம். முடிந்ததும் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பச் சொன்னான் ஒரு சின்ன ஆபீசர். பெயர் கூப்பிட நான்தான் இருந்தேன். என்னை விட்டு அறுபது பெயர். ஐம்பத்தாறு பேர் பதில் சொன்னார்கள். கருப்பையா கையில் காயத்தோடு முதலிலேயே பதில் சொல்லி, லாரியில் படுக்கவைக்கப்பட்டிருந்தான். பதில் வராத நான்கு பேரில் மூன்று பேரை மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது வேலு. ஒரு முறை கூப்பிட்டேன். பத்து எண்ணினேன். இரண்டாம் முறை கூப்பிட்டேன். லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஆபீசர் மணிக்கூட்டைப் பார்த்து என்னைப் பார்த்தான். நான் எழுதிவிட்டு ஏறிவிட்டேன்.

மறுநாள் அந்த நால்வரில் இரண்டு பேர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். வேலு வரவில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டான் என்று நூறு தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். வந்திருப்பான் என்றும் அதே அளவு சொல்லியிருக்கிறேன். ஏழு பேர் போனோம், வேலு போக இரண்டு பேர் காய்ச்சலில் போனார்கள், நான்கு பேர் திரும்பினோம்.

திரும்பி வந்து அதே தோட்டத்தில் செக்றோல் எழுதினேன். தோட்டத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், இன்றைக்கு வந்தார்களா என்று பதிகிற பெரிய புத்தகம் அது. வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நாற்பத்தெட்டில் சட்டம் வந்த பிறகு எங்கள் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்கு நாட்டுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள பெயர்தான் அவர்களுக்கு விலாசம். பெயரை வெட்டினால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறை போகும், அறை போனால் பெண்டு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்தி வேலைக்கு அனுப்பும்போது, கருப்பையாவின் பெயரை நான் கூப்பிடுவேன். "வந்தேங்க" என்பான். வேலுவைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்படி ஒன்பது வருடம்.

ஐம்பதுகளின் நடுவில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பதினான்கு வெள்ளைக்காரர்கள், முப்பத்து நான்கு பெட்டிகள். நானுஓயா ஸ்டேஷனுக்குத் தோட்டத்து லாரி மூன்று தடவை போய் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலையில் மறுநடுகைக்காகப் பழைய தேயிலையை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தோம். குழியும் கருகிய தூருமாகக் கிடந்த அந்த மலையைப் பார்த்ததும் டைரக்டர் கையைத் தட்டினாராம்: தேடிக்கொண்டிருந்த யுத்தகளம் இதுதான் என்று. தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை யுத்தத்தில் கேப்டனாக இருந்தவர். நூற்றிருபது ஆட்களைத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பட்டாளத்தில் இருந்த கிளாக்கர் என்று என்னையும் உதவிக்கு அனுப்பினார்.

நான் எட்டுப் பிழைகளைச் சொன்னேன். தண்ணீர்க் குப்பி மாட்டியிருந்த பக்கம் பிழை, சல்யூட் பிழை, வியர்த்த சட்டையில் உப்புக் கோடு இல்லை, இப்படி எட்டு. டைரக்டருக்கு உதவியாக இருந்த ஒரு பையன்துரை, "இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்?" என்றான். "நான், சார்" என்றேன். அவன் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. காலையில் ஒரு நாட்டுப் பட்டாளமாக ஓடிய அதே ஆட்கள், பகல் சோற்றுக்குப் பிறகு தொப்பியை மாற்றிக்கொண்டு எதிரிப் பட்டாளமாக ஓடினார்கள்.

மூன்றாம் நாள் முக்கியமான சண்டை. மலை முழுவதும் குச்சியில் சிவப்புத் துணி கட்டி நாற்பத்தாறு கொடி நட்டார்கள். குண்டு வெடித்ததும் நாற்பத்தாறு ஆட்கள் தங்கள் தங்கள் கொடியருகே விழுந்து சாக வேண்டும். விசில் ஊதும் வரை அசையக்கூடாது. எந்தக் கொடிக்கு யார் என்று நான் பட்டியல் எழுதினேன். கருப்பையாவுக்கு நாற்பத்தாறாம் கொடி.

மேல் ரோட்டில் பெண்கள் கொழுந்துக் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எங்க வீட்டு ஆளு பெரட்டுக்கு எந்திரிக்கவே அரை மணி நேரம். செத்தா கேக்கணுமா!" என்று ஒருத்தி சொல்ல, பெரிய சிரிப்பு.

வெடி வெடித்தது. மண் பறந்தது. ஓடினார்கள், விழுந்தார்கள். அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள் விழுந்த மாதிரி உண்மையாக விழுந்ததை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. விசில் ஊதினார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையன்கள் ஏழு பேர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் எழும்பவில்லை.

மறுபடி விசில். எழும்பவில்லை.

மேல் ரோட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் தோட்டத்தில் வருடாவருடம் மாசியில் கூத்துப் போடுவார்கள். விடிந்த பிறகு வருவது கடைசிக் கட்டம், படுகளம். யுத்தத்தில் அண்ணன் தம்பிமாரும் அவர்கள் ஆட்களும் விழுந்து கிடப்பார்கள். தங்கை அழுதுகொண்டே வந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் தெளித்து, பிரம்பால் தொட்டு எழுப்புவாள். அது வரை எழும்பமாட்டார்கள். மழை பெய்தாலும் எழும்பமாட்டார்கள். எழுப்பாமல் எழுந்தவன் வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்கு ஆகாது. அந்த ஏழு பேர் போக, படுகளத்தில் விழுந்து பழகிய ஆட்களைத்தான், நன்றாக விழுவார்கள் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சினிமாவுக்குப் பொறுக்கி அனுப்பியிருந்தார்! விழும்போது அவர்களுக்கும் யோசனை இல்லை. கொடியைப் பார்த்து ஓடி விழுந்துவிட்டார்கள். விழுந்து, கண்ணை மூடிய பிறகுதான் நாம் எங்கே கிடக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் இறங்கிப் போய்க் கருப்பையாவின் பக்கத்தில் குந்தினேன்.

"கருப்பையா, எந்திரி. படம் முடிஞ்சிருச்சு."

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எப்படிங்க கிளாக்கரய்யா எந்திரிக்கிறது? எழுப்ப ஆளு வரணும்ல?"

"இது கூத்தில்ல, சினிமா."

"விழுந்தது விழுந்ததுதானுங்களே."

மேலே இருந்து அவன் மனைவி பேச்சியம்மா கத்தினாள். "கிளாக்கரய்யா, அந்த ஆள எழுப்பாம அனுப்புனீங்க, நான் கதவு தெறக்கமாட்டேன், ஆமா! ராமலிங்கத்தக் கூட்டியாரேன், அது வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது!" சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்து ஓடினாள். கூத்தில் தங்கை வேஷம் கட்டுகிறவன் ராமலிங்கம். அன்றைக்கு அவனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கும் ஸ்டோர் கீழே ஒன்றேகால் மைல். இறங்கப் பதினைந்து நிமிடம், ஏறி வர இருபது. முப்பத்தைந்து.

துரை வந்தார். இன்னொரு முறை எடுக்க வேண்டும், மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று டைரக்டர் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் படுத்துக் கிடக்கும் தொழிலாளியைப் பார்த்தால் துரைமாருக்கு ஒரே நினைப்புத்தான்.

"இது ஸ்ட்ரைக்கா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை சார். செத்திருக்கிறார்கள், சார்" என்றேன். அதற்கு மேல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் முகம் சிவந்தது. ஆட்களைப் பார்த்துத் தன் தமிழில் கத்தினார். "ஏய்! எழும்பு! எல்லாம் எழும்பு!" ஒரு விரல்கூட அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். "செக்றோல் எங்கே? ஒவ்வொருவனாகப் பெயர் கூப்பிடு. எழும்பாதவன் பெயரை இங்கேயே வெட்டு."

செக்றோல் என் கையில்தான் இருந்தது. முப்பத்தொன்பது பெயர், முப்பத்தொன்பது லயத்து அறை. பேச்சியம்மா போய் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"கூப்பிடுகிறேன் சார். ஆனால் யுத்தகளத்தில் பெயர் கூப்பிட ஒரு முறை இருக்கிறது. நான் சார்ஜன்ட் ஹோப்ஸிடம் படித்தது. மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் பத்து எண்ண வேண்டும்" என்றேன்.

கேப்டனாக இருந்தவர், அதை மறுக்க அவரால் முடியவில்லை. சினிமாக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செய்" என்றார்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு ஆளுக்கு மூன்று கூப்பாடு, முப்பது எண்ணிக்கை, கூப்பிட எடுக்கும் நேரத்தோடு முப்பத்தெட்டு விநாடி. முப்பத்தொன்பது பேருக்கு இருபத்து நான்கு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. தேவை முப்பத்தொன்று. ஆறு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. அதனால் தகப்பன் பெயரையும் சேர்த்தே கூப்பிட்டேன். பதினாறாவது ஆளில் பென்சில் முனையை உடைத்துக்கொண்டேன். சீவ இரண்டு நிமிடம். எனக்கு நன்றாகச் சீவ வரும் என்று துரைக்குத் தெரியாது. ஆபீசில் பதினைந்து விநாடியில் சீவுவேன். மூன்று முறை கூப்பிட்டும் எழும்பாதவன் பெயருக்கு நேரே, வெட்டாமல், சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். துரை நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இருபத்தேழு வருட உத்தியோகத்தில் நான் வேண்டுமென்றே செய்த பொய்ப் பதிவு அது ஒன்றுதான்.

மலையில் வேறு சத்தம் இல்லை. நான் கூப்பிடுவதும் நான் எண்ணுவதும்தான். கிடந்தவர்களில் சிலர் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. செத்துக் கிடக்கும்போது ஒருவன் தன் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் மூன்று முறை கேட்டால் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

முப்பத்தேழாவது பெயரில் ராமலிங்கம் வந்துவிட்டான். வேஷம் இல்லை. தலையெல்லாம் தேயிலைத் தூள். ஒரு பெண்ணின் கறுப்புக் கம்பளியை வாங்கி முக்காடாகப் போட்டுக்கொண்டான். பேச்சியம்மா மலைத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்த தண்ணீரை ஒரு கேத்தலில் கொண்டுவந்திருந்தாள். பிரம்புக்குப் பதில் பிடுங்கிப் போட்ட தேயிலைக் குச்சி ஒன்று. மூச்சு வாங்க வாங்க, "ஏண்டா, வருஷத்துக்கு ஒரு தடவ செத்தாப் பத்தாதா ஒங்களுக்கு?" என்றான். பிறகு குரலை மாற்றி, அழ ஆரம்பித்தான். அவன் குரல் மாறியதும் பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் தெளித்து, குச்சியால் தொட்டான். ஒவ்வொருவராக எழும்பினார்கள். முப்பத்தெட்டு பேர்.

கருப்பையா எழும்பவில்லை.

ராமலிங்கம் இரண்டாம் தடவை தண்ணீர் தெளித்தான். "அண்ணே, எந்திரிண்ணே. தொரை நிக்கிறாரு."

"எளையவன எழுப்பாம மூத்தவன எழுப்பலாமா?" என்றான் கருப்பையா.

எங்கள் கூத்தில் முறை அதுதான். தம்பியை எழுப்பிய பிறகுதான் அண்ணனை எழுப்ப வேண்டும். ராமலிங்கம் கேத்தலைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தான். எந்தத் தம்பி என்று மலையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். எங்கே எழுப்புவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"ஏங்க, அவன் எங்கயோ தேசாந்தரத்துல கெடக்கான். நீங்க எந்திரிங்க" என்றாள் பேச்சியம்மா. அவள் குரல் அடங்கியிருந்தது.

துரை பக்கத்தில் வந்துவிட்டார். "இவன்தான் தலைவன். மற்றவன் எல்லாம் எழும்பினான், இவன் எழும்பவில்லை. பெயரை வெட்டு" என்றார். இந்த முறை புள்ளி போதாது. என் தோளுக்குப் பின்னால் நின்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செக்றோலை மூடினேன். "இன்னும் ஒரு பெயர் இருக்கிறது, சார்" என்றேன்.

நிமிர்ந்து நின்று கூப்பிட்டேன். "வேலு! தகப்பன் மாரிமுத்து!"

பத்து எண்ணினேன். ராமலிங்கம் புரிந்துகொண்டு கருப்பையாவின் பக்கத்தில் இருந்த வெற்று மண்ணில் தண்ணீர் தெளித்தான்.

"வேலு! தகப்பன் மாரிமுத்து!"

இதற்கு மேல் நான் அந்தப் பெயரைக் கூப்பிட்டதில்லை. எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரைதான் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி ஏழில் நின்றுவிட்டது. மூடுபனி கொடிகளையெல்லாம் மூடிவிட்டது, டைரக்டர் ஏதோ சொன்னார், துரை கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவரும் எங்கேயோ பெயர் கூப்பிடக் கேட்டவர்தானே. மூன்றாம் முறை ஆரம்பித்துப் பத்து வரை எண்ணினேன்.

"வேலு! தகப்பன் மாரிமுத்து!"

ராமலிங்கம் அந்த மண்ணைக் குச்சியால் தொட்டான். தொட்ட குச்சியால் அப்படியே கருப்பையாவின் தோளைத் தொட்டான். கருப்பையா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பேச்சியம்மா அவன் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். துரை திரும்பி நடந்துவிட்டார். எப்போது வேண்டுமானாலும் செக்றோலைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பார் என்று இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. புள்ளிகளை அழித்துவிட்டேன்.

மூடுபனி வந்ததால் இன்னொரு முறை எடுக்க முடியவில்லை. முதலில் எடுத்ததுதான் படத்தில் வந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் நுவரெலியாவுக்கு வந்தபோது தோட்டத்தில் பாதிப் பேர் லாரி பிடித்துப் போனோம். கருப்பையா என் பக்கத்து நாற்காலி. தண்ணீர்க் குப்பி பிழையான பக்கத்திலேயே தொங்கியது. எட்டுப் பிழையும் அப்படியே இருந்தன. எங்கள் மலை வந்தது. கொட்டகையில் ஒரே கூச்சல். வெடித்தது, ஓடினார்கள், விழுந்தார்கள். உடனே வேறு ஏதோ அறை, ஒரு வெள்ளைக்காரப் பெண் கடிதம் படித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைங்க?" என்றான் கருப்பையா.

"எது?"

"நீங்க எண்ணியிருப்பீங்களே."

"ஒம்பது செகண்ட்" என்றேன்.

திரையைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"நானும் எண்ணுற ஆளுதாங்க. அன்னிக்கு லாரியில கெடந்துகிட்டு, நீங்க தம்பியக் கூப்பிட்டத எண்ணுனேன். ரெண்டு."

என்னால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை. ஒன்பது வருடம், அதற்கு மேல் இரண்டு வருடம், தினமும் காலையில் "வந்தேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

"மலையில மூணு. ஆக மொத்தம் அஞ்சு" என்றான். "போதுங்க கிளாக்கரய்யா. படத்தப் பாருங்க."